புதுப்பிப்பு: டஸ்டர் டைமிங் பெல்ட் மாத்தியாச்சு

செகண்ட் ஹேண்டில் வாங்கின 2014 ரெனோ டஸ்டர் டீசல் கார், 70,000 கிலோமீட்டர்கூட ஓடல, டைமிங் பெல்ட் (இன்ஜின்ல பிஸ்டனையும் வால்வையும் ஒண்ணோட ஒண்ணு தாளம் தப்பாம ஓட வைக்கிற, பல் வெச்ச ரப்பர் பட்டை) மாத்தினதுக்கு ரசீதும் இல்ல, இப்பவே மாத்தணுமான்னு கேட்டிருந்தேன். மாத்திட்டேன்.

முடிவு பண்ண வெச்சது வயசுதான். வண்டி சும்மா நின்னாலும் ரப்பர் இறுகும். கிலோமீட்டரோ வருஷமோ, எது முந்துதோ அதுதான் கெடு. இந்த 1.5 இன்ஜின்ல ஓடும்போது பெல்ட் அறுந்தா பிஸ்டன் வால்வுல இடிக்கும், இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டையே கழட்டி இறக்கணும். அந்தச் செலவுக்கு முன்னாடி பெல்ட் செலவு ஒண்ணுமே இல்ல.

கழட்டின பெல்ட் மேலோட்டமா பார்த்தா நல்லாத்தான் இருந்துச்சு. பின்பக்கமா வளைச்சதும் ஒவ்வொரு பல்லுக்கு அடியிலயும் மயிரிழை மாதிரி வெடிப்பு. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரைக் கையால சுத்தினா கரகரன்னு சத்தம். கவரைத் திறந்து எட்டிப் பார்த்து "இன்னும் ஓடும்"னு சொல்றவங்களை நம்பாதீங்க, தயவுசெஞ்சு.

வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்லதான் ஓடுது. பின்னாடி அது ஒழுகினா மொத்தக் கூலியும் மறுபடி அழணும். அதனால சேர்த்தே மாத்தச் சொன்னேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மெக்கானிக் அண்ணனோட பொறுமை. இன்ஜின் தண்டுகள் அசையாம பிடிக்கிற லாக் பின் போட்டு பெல்ட்டை மாட்டி, பின்னை எடுத்து, கிராங்கை (பிஸ்டன்கள் சுத்துற முக்கிய தண்டை) ஸ்பேனரால ரெண்டு சுத்து சுத்தி, பின் திரும்ப உட்காருதான்னு பார்த்த பிறகுதான் சாவியைத் தொட்டார். நீங்களும் பக்கத்துல நின்னு பாருங்க.

ஸ்விஃப்ட் டீசலுக்கும் பெல்ட் மாத்தணுமான்னு கேட்ட நண்பருக்கு: அந்த 1.3 இன்ஜின்ல இருக்கிறது செயின், பெல்ட் இல்ல.