கூட்டம் கலைந்த பிறகு வீட்டில் இருக்கும் நாட்கள்: உங்கள் அனுபவம்

தேவகோட்டையிலிருந்து:

எங்கள் வீட்டில் டிசம்பர் 25 அன்று யாரும் ஓய்வெடுத்து நான் பார்த்ததில்லை. நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து கண்ணயர்வதற்குள் விடிந்துவிடும். மதியம் இருபத்தைந்து பேருக்குச் சாப்பாடு. அடுத்து புது வருஷம். அதற்குள் ஒரு நாள் எல்லோருமாக ஓரியூர். 1693-ல் புனித அருளானந்தர் தலை வெட்டுண்ட மண் அது. அந்தச் செம்மண்ணில் ஒரு பிடி முந்தானையில் முடியாமல் அப்பத்தா வண்டியில் ஏற மாட்டார்கள். கடைசியில் சென்னைக்காரர்களை காரைக்குடிக்குக் கூட்டிப்போய், விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்புவோம். எனக்கு அன்றைக்குத்தான் லீவு ஆரம்பம்.

ஆபீஸில் விடுமுறையை ஜனவரி 7 வரை இழுத்துப்போட்டு எழுதிக் கொடுப்பதே இதற்காகத்தான். குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ராசாக்கள் வந்த திருநாள் வரை கிறிஸ்துமஸ் குடிலைக் கலைப்பதில்லை. கோயிலில் இப்போது ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கொண்டாடினாலும், எங்கள் வீட்டுக் கணக்கு ஜனவரி 6 தான். அதுவரை அந்த மூன்று ராசாக்களையும் தினம் ஒரு சாண் தள்ளித் தள்ளி வைப்பது என் மகளின் வேலை. டிவி மேசையில் கிளம்புகிற ஒட்டகம் ஆறாம் தேதிதான் மாட்டுத் தொழுவத்துக்கு வந்து சேரும்.

அந்த நாட்களில் சமையல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. டின்னின் அடியில் கிடக்கிற உடைந்த தேன்குழலும் சீப்புச்சீடையும் மோர்சோற்றுக்கு ஆகும். சாயங்காலம் பனங்கிழங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, வகுந்து, நடுவில் இருக்கிற குருத்தை எடுத்துவிட்டு, நார் நாராக உரித்துத் தின்ன அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில்தான் அப்பா பேசுவார். இருபது வருஷம் துபாயில் இருந்த மனிதர். அங்கே கிறிஸ்துமஸ் எப்படிப் போகும் என்று போன வருஷம்தான் முதல்முறையாகச் சொன்னார். ஒரே அறையில் எட்டுப் பேர். பார்சல் பிரியாணி. வீட்டுக்குப் போன் பேச வரிசையில் நிற்பதாம். அம்மா கிழங்கை உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆறாம் தேதி எதிர்வீட்டு ஆச்சி வருவார்கள். செட்டியார் வீட்டு ஆச்சி. பண்டிகை அன்று வந்தால் கூட்டத்தில் குடிலைச் சரியாகப் பார்க்க முடியாது என்று கலைக்கிற அன்றைக்கு வருவது வழக்கம். திண்ணையில் உட்கார்ந்து சொரூபங்களை ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுப்பார்கள். ஓர் ஆட்டுக்குட்டிக்குக் கால் ஒடிந்திருந்தது. நான் ஒதுக்கி வைத்தேன். "ஏன் ஆத்தா ஒதுக்குற? படுத்திருக்கிற மாதிரி வச்சா யாருக்குக் கால் தெரியப்போகுது?" என்று அதையும் சுற்றி வைத்தார்கள். குடிலில் வயல் மாதிரி இருக்கட்டும் என்று தேங்காய்ச் சிரட்டையில் கேழ்வரகு முளைக்கவிட்டிருந்தோம். அதைப் போகும்போது அவர்கள் வீட்டு மாட்டுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:

உங்கள் எதிர்வீட்டு ஆச்சியை எங்கள் அம்மா என்றே நினைத்துக்கொண்டேன். எங்களுக்கும் இதே நாட்கள்தான். எங்கள் நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்பு பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரி முதல் வாரத்திலோ வரும். பிள்ளைகளுக்கு அரைப் பரீட்சை லீவோடு சேர்ந்து வந்துவிட்டால் வளவு, அதாவது வீட்டின் முற்றமும் சுற்று அறைகளும், நிறைந்துவிடும். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்த 21 இழையைத் திரியாக்கி, மாவுப் பிள்ளையாரில் ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். என் பையன் இந்த வருஷம்தான் பயப்படாமல் எடுத்துக்கொண்டான்.

மறுநாளே எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நானும் அம்மாவும் மட்டும் நாலு நாள் தங்குவோம். பித்தளை அண்டாக்களைப் புளி போட்டுத் துலக்கி, வெயிலில் கவிழ்த்து, இரண்டாம் கட்டு அறைகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வர வேண்டும். மதியம் வேலை முடிந்ததும் ஆத்தங்குடித் தரைக்கல் பதித்த பட்டாலைக் கூடத்தில் பாய்கூட விரிக்காமல் படுப்போம். மார்கழியில் அந்தக் குளிர்ச்சி முதுகில் ஏறும். "சளி பிடிக்கப்போகுது, எந்திரி" என்று அம்மா சொல்வார்கள். அவர்களும் எழுந்திருக்க மாட்டார்கள். பெரிய வீட்டில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும்.

தேவகோட்டையிலிருந்து:

படிக்கும்போதே முதுகு குளிர்கிறது. அடுத்த வருஷம் பனங்கிழங்கு ஒரு கட்டு உங்களுக்கும் எடுத்து வருகிறேன், பூட்டுவதற்கு முன்னால் சொல்லுங்கள்.