பைக் விபத்தில் முழங்காலில் அடிபட்டால்: வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள், டெலிவரி ஓட்டுகிறவர்கள் இதை ஒரு முறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் அடி மற்ற அடி மாதிரி இல்லை. எலும்பு முறிந்தால் பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். ஜவ்வு கிழிந்தது தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். அந்தக் கிழிசலால் வரும் மூட்டுத் தேய்மானம் பல வருடம் கழித்து வரும். ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதல் வாரத்திலேயே போன் போடுவார். வழக்குப் போடச் சட்டம் தரும் கெடுவும் பெரும்பாலும் விபத்து நாளிலிருந்தே ஓட ஆரம்பிக்கும். இந்த வேக வித்தியாசத்தில்தான் நம் ஆட்கள் பணத்தை விடுகிறார்கள்.

முதலில் உடம்பு. மோதலில் கால் எலும்பு முழங்காலுக்குக் கீழே அடி வாங்கிப் பின்னால் தள்ளப்பட்டால், மூட்டின் பின்பக்க ஜவ்வு, அதாவது பி.சி.எல்., கிழியலாம். இதில் வீக்கம் பெரிதாக இல்லாமல் போகலாம், ஒருவழியாக நடக்கவும் முடியும். அதனாலேயே பலருக்கு இது முதல் நாளில் கண்ணில் படுவதில்லை. கால் தரையில் ஊன்றியிருக்க உடம்பு திரும்பினால் ஏ.சி.எல். என்ற முன்பக்க ஜவ்வோ, மெனிஸ்கஸ் என்ற மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு மெத்தையோ கிழியலாம். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள் என்றால் எலும்பு முறிவு தெரியவில்லை என்றுதான் அர்த்தம். படி இறங்கும்போது கால் நழுவுகிற மாதிரி இருந்தாலோ, மடக்கிய கால் பூட்டிக்கொண்டாலோ, திரும்பப் போய் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. மூட்டு விலகி, தானாகவே உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் முழங்காலுக்குப் பின்னால் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால் பாதம் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப் போகும். சுமார் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் காலுக்கே ஆபத்து. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், செலவைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அடுத்தது, நான் எல்லாரிடமும் நச்சரித்துச் சொல்வது. டாக்டர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் நாம் மரியாதைக்கு "பரவாயில்லை டாக்டர்" என்போம். அவர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். 8 மாதம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்: "நோயாளி நன்றாக இருப்பதாகச் சொன்னார்." அதனால் நடந்ததைச் சொல்லுங்கள். எத்தனை படி ஏறினால் வலிக்கிறது, ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வருகிறது, குனிந்து ஷூ கட்ட முடிகிறதா, எந்த வேலையை விட்டுவிட்டீர்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். மொழி தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிரிட்டனில் அரசு மருத்துவமனையில் அது இலவசம். பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம், பாவம், பாதியை விழுங்கிவிடுவார்கள்.

பைக்கை ரிப்பேருக்கு விடுமுன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். டேங்கில் விழுந்த பள்ளமும் கிழிந்த பேன்ட்டும் முழங்கால் எங்கே மோதியது என்பதற்குச் சாட்சி. பேன்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கன்றிப்போன இடத்தைத் தினமும் ஒரு படம். பக்கத்துக் கடை கேமரா பதிவு கொஞ்ச நாளில் அழிந்துவிடும், முதல் நாளே யாரையாவது அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது கையெழுத்து. சீக்கிரம் வரும் செட்டில்மென்ட் தொகை பெரும்பாலும் அன்றைக்குக் கையில் இருக்கும் மருத்துவமனைச் சீட்டை வைத்துப் போட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு ஆபரேஷன் வந்தாலும் மறுபடி கேட்க வழி இருக்காது. கால் இனி இதற்கு மேல் தேறாது என்ற நிலை வந்து, எலும்பு டாக்டர் "எதிர்காலத்தில் மூட்டு மாற்று தேவைப்படலாமா, எப்போது" என்று எழுத்தில் கொடுக்கும் வரை முழுத்தீர்வுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். 30 வயதுக்காரருக்கு மூட்டு மாற்றினால் ஆயுளில் இன்னொரு முறை மாற்ற வேண்டி வரலாம். அந்தச் செலவும் கணக்கில் வர வேண்டும். அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் இடைக்காலத் தொகை கேட்க முடியுமா என்று வக்கீலிடம் விசாரியுங்கள்.

ஆனால் காத்திருக்கிறேன் என்று கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள். நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம். பிரிட்டன், சிங்கப்பூர் இரண்டிலும் உடல் காயத்துக்குப் பொதுவாக 3 வருடம். தீபகற்ப மலேசியாவில் 6 வருடம். கலிபோர்னியாவில் 2 வருடம், அங்கே எதிர்த்தரப்பு அரசு அமைப்பு என்றால் 6 மாதத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் வழக்குக்கு 2 வருடம் என்பதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இன்சூரன்ஸுக்கு 7 நாளில் தெரிவிக்கச் சொல்கிறது விதி. நகராட்சிச் சாலைப் பள்ளத்தில் விழுந்திருந்தால் 10 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு. சிங்கப்பூரில் வேலை நேரத்தில் அடிபட்டால் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டப்படி 1 வருடத்துக்குள் கேட்க வேண்டும். 2025 ஜனவரி முதல் அங்கே டெலிவரி ஆப் மூலம் ஓட்டுகிறவர்களுக்கும் வேலைக்காயக் காப்பு உண்டு.

நியூசிலாந்து தனி ரகம். அங்கே யார் மேல் தப்பு என்ற கேள்வியே இல்லாமல் ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் சிகிச்சைக்குக் கொடுக்கும், வேலைக்குப் போக முடியாவிட்டால் வருமானத்தில் 80 சதவீதம் வரை தரும். அதற்குப் பதிலாக, காயத்துக்கு இழப்பீடு கேட்டு எதிராளி மேல் வழக்குப் போட முடியாது.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் காரர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். விபத்து நடந்து 28 நாளுக்குள் இன்சூரன்ஸுக்கு மனு போட்டால், இழந்த வருமானத்துக்காக வாராவாரம் தரும் பணம் விபத்து நாளிலிருந்தே கணக்காகும். அங்கே லேசான சதைக்காயம் என்று முடிவானால் உதவி 52 வாரத்தோடு நின்றுவிடும், பெரிய இழப்பீடு கேட்கவும் முடியாது. ஆனால் ஜவ்வோ மெனிஸ்கஸோ பாதி கிழிந்திருந்தாலும் அது அந்த வகையில் சேராது. "சுளுக்கு" என்று ஒரு டாக்டர் எழுதியதற்கும் "பாதி கிழிசல்" என்று ஸ்கேன் காட்டியதற்கும் நடுவே எவ்வளவு பணம் இருக்கிறது பாருங்கள். எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

யார் மேல் தப்பு என்பதை ரோட்டில் நின்றபடியே நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். மரியாதைக்குச் சொன்ன "சாரி, என் தப்புதான்" பின்னால் வந்து நிற்கும். பல இடங்களில் உங்கள் பங்குத் தப்பின் அளவுக்குத் தொகையைக் குறைப்பார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா, வட கரோலினா, மேரிலாந்து, அலபாமா நான்கிலும் உங்கள் மேல் கொஞ்சம் தப்பு இருந்தாலே மொத்தமும் போய்விடக்கூடும். அமெரிக்காவில் இன்னொன்று: உங்கள் ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டிய ஆஸ்பத்திரி பில்லை, கிடைத்த இழப்பீட்டிலிருந்து அந்த நிறுவனம் திருப்பிக் கேட்கலாம். கைக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை வக்கீலிடம் முன்பே கேளுங்கள்.

இழப்பீடு கேட்டால் விசா பாதிக்குமா என்று பயப்படுகிறவர்களுக்கு: இழப்பீடு கேட்பது சிவில் விவகாரம், குற்ற வழக்கு இல்லை. கேட்டதற்காக மட்டும் யாரும் விசாவைப் பிடுங்க மாட்டார்கள். ஆனால் விசா அனுமதிக்காத வேலையில் இருந்தபோது விபத்து என்றால், அல்லது சொந்த உபயோக இன்சூரன்ஸை வைத்து டெலிவரி ஓட்டியிருந்தால், அதை முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு நடுவழியில் தெரிய வந்தால்தான் சிக்கல்.

வக்கீல் பீஸ்: ஜெயித்தால் மட்டும் பீஸ் என்ற முறை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சகஜம். அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் 40 சதவீதம் வரை. இங்கிலாந்தில் ஜெயித்தால் வக்கீல் கூடுதலாக உங்கள் தொகையிலிருந்து பிடிக்கும் வெற்றிக் கட்டணத்துக்கு 25 சதவீத உச்சவரம்பு உண்டு, எதிர்காலச் செலவுக்கான பணத்தில் கை வைக்கக் கூடாது. தோற்றால் எதிர்த்தரப்புச் செலவை யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்கே தேடி வந்து கையெழுத்துக் கேட்கும் புரோக்கரை உள்ளே விடாதீர்கள்.

ரசீதெல்லாம் ஒரு பையில். டாக்ஸி, பிரேஸ், ஊன்றுகோல் எல்லாம். மனைவியோ அம்மாவோ குளிப்பாட்டி, தூக்கி உட்கார வைத்த மணி நேரங்களையும் எழுதி வையுங்கள். இங்கிலாந்தில் குடும்பத்தார் சம்பளமில்லாமல் செய்த பராமரிப்புக்கும் பணம் கேட்கலாம். வழக்கு முடியும் வரை மலையேறிய பழைய போட்டோவைக்கூட சோஷியல் மீடியாவில் போடாதீர்கள், எதிர்த்தரப்பு பார்த்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக, பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பைக்கை ஓட்டியது உங்கள் கணவரே என்றாலும், தப்பு அவர் மேல் என்றால் பின்சீட்டில் இருந்தவர் பல நாடுகளில் இழப்பீடு கேட்கலாம். "வீட்டுக்காரர் மேலேயே கேஸா?" என்று தயங்குகிறார்கள். பிரிட்டன் மாதிரி இடங்களில் பின்சீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் கட்டாய இன்சூரன்ஸ். கொடுப்பது அந்த நிறுவனம், அவர் சட்டைப் பையிலிருந்து போகாது. அடுத்த வருடம் அவர் பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், அதை இரண்டு பேரும் வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.