உவர்மலை வீட்டில் படம் கீற ஓர் இடம்: பின் அறையா, விறாந்தையா?

கடற்கரைத் தூரிகை:
வணக்கம். நானும் அம்மாவும் திருகோணமலை உவர்மலையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நீர்வர்ணமும் அக்ரிலிக்கும் செய்கிறேன். பின்னேரங்களில் பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் சித்திரம் பழக வருவார்கள். இதுவரை எல்லாம் சாப்பாட்டு மேசையில்தான். சோறு போடும் நேரம் வந்தால் அள்ளி அலுமாரிக்குள் வைக்க வேண்டும். பாதியில் நிற்கும் படத்தை மறுநாள்வரை அப்படியே விட்டுவைக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

வடக்கே யன்னல் உள்ள சின்னப் பின் அறை ஒன்று இருக்கிறது. இளம்பச்சைச் சுவர், இப்போது அரிசி மூட்டையும் தையல் மெசினும் அங்கேதான். இல்லாவிட்டால் கிழக்கே பார்த்த முன் விறாந்தை. ஓவியருக்கு வடக்கு வெளிச்சம்தான் நல்லது என்கிறார்கள். எதை எடுக்கலாம்? அம்மாவுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கிறது, அதையும் யோசிக்க வேண்டும்.

நிலாவெளியான்:
விறாந்தைதான். கடற்காற்றில் இருந்து கீறுகிற சுகம் அறைக்குள் வராது.

உப்புவெளி ரீச்சர்:
தங்கச்சி, பின் அறையையே எடுங்கள். விறாந்தை பிள்ளைகளுக்கு இருக்கட்டும். தண்ணீர் சிந்தினாலும் கழுவி விடலாம்.

ஆனால் அந்த வடக்கு யன்னல் கதையை அப்படியே எடுக்க வேண்டாம். அது கடகரேகைக்கு மேலே உள்ள நாடுகளுக்குச் சொன்னது. அங்கே நண்பகல் சூரியன் வருசம் முழுக்கத் தெற்கே நிற்கும், வடக்கு யன்னலுக்குள் நேர் வெயில் பெரும்பாலும் வராது. திருகோணமலை இருப்பது வட அகலாங்கு 8½ பாகையில். சித்திரை வருசப்பிறப்பை ஒட்டிச் சூரியன் எங்கள் உச்சிக்கு வரும், பிறகு ஓகஸ்ட் கடைசிவரை வடக்குப் பக்கம்தான். அந்த மாதங்களில் காலையும் பின்னேரமும் வெயில் சரிந்து உங்கள் மேசைக்கே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தியில் யன்னல் சீலை போட்டால் போதும், வெளிச்சம் பரவி நிற்கும். வலக்கைக்காரர் என்றால் யன்னல் இடப்பக்கம் வருமாறு மேசையைப் போடுங்கள். கை நிழல் கோட்டில் விழாது.

பச்சைச் சுவரின் சாயல் கடதாசியில் படும். முகத்துக்கு நிறம் கலக்கும்போது அது ஏமாற்றிவிடும். வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிடுங்கள். இரவு வேலைக்கு பகல் வெளிச்சம் போன்ற 5000 கெல்வின் எல்ஈடி பல்ப், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது கடதாசியைப் பற்றித்தான். ஒக்ரோபர் பிறந்தால் இங்கே மழை, ஈரம். நல்ல நீர்வர்ணக் கடதாசிக்கு ஒரு பசை ஊட்டியிருப்பார்கள், வண்ணத்தை உடனே உறிஞ்சவிடாமல் தடுப்பது அதுதான். ஈரம் ஏறினால் அந்தப் பசையில் பூஞ்சணம் பிடிக்கும். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வானத்துக்கு நீலம் பூசும்போதுதான் சில இடங்களில் மட்டும் வண்ணம் உள்ளே இழுபட்டுப் புள்ளி புள்ளியாக நிற்கும். அந்தத் தாளை மீட்கவே முடியாது. மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு, தரையில் படாமல் வையுங்கள். அரிசி மூட்டை குசினிக்குப் போகட்டும். அரிசி இருந்தால் எலி வரும், எலி கடதாசியையும் விடாது.

கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தொல்லை வேறு. அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துபோகும். தட்டையான டப்பாவில் நனைத்த ஸ்பொஞ், அதன்மேல் கேக் சுடப் பாவிக்கும் எண்ணெய்த்தாள், அதிலே வண்ணத்தை வையுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் பிசுபிசுப்பாக இருக்கும்.

கொட்டியாரக்குடா:
ரீச்சர் சொன்னதோடு இன்னொன்று. கடற்காற்றில் இரும்புக் கிளிப் துருப்பிடித்துப் படத்தின் ஓரத்தில் கறை வைக்கும். மரக் கிளிப் வாங்குங்கள். எப்போதாவது எண்ணெய் வண்ணத்துக்கு மாறினால், வண்ணம் கரைக்கும் டர்பன்டைனை அம்மா இருக்கும் வீட்டுக்குள் திறக்கவே வேண்டாம். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்குள் போடவும் கூடாது, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் விட்ட தகர டின்னில் போட்டு மூடுங்கள்.

கடற்கரைத் தூரிகை:
ரீச்சர், மிகவும் நன்றி. அரிசி மூட்டை இன்றைக்கே நகர்ந்துவிட்டது. தையல் மெசினை மட்டும் அம்மா விடமாட்டேன் என்கிறா. யன்னலுக்கு எதிர்மூலையில் அது நிற்கட்டும், நான் கீற அவ தைக்கட்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். யன்னல் சீலையும் அவதான் தைக்கிறா. அப்புறம் ஒரு கேள்வி: சிலிக்கா ஜெல் பைகளை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

உப்புவெளி ரீச்சர்:
நிறம் மாறும் மணிகளாக வாங்குங்கள். நிறம் மாறியதும் பையிலிருந்து கொட்டி, ஓவனில் மெல்லிய சூட்டில் காயவைத்தால் திரும்பவும் பாவிக்கலாம்.