கல்விக்கடன் தள்ளுபடி நியாயமா? கடன் கோப்புகளோடு பழகியவர்கள் சொல்லுங்கள்

கிளைமேசை:
பிள்ளைகளை முறிப்பது அசல் இல்லை, படிக்கும் காலத்தில் ஏறுகிற வட்டி. நாலு வருஷ இன்ஜினியரிங், வருஷத்துக்கு 1 லட்சம், 11% தனிவட்டி என்று வையுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கிடையாது. அதற்குள் முதல் லட்சத்துக்கு 55,000, அடுத்தடுத்த லட்சங்களுக்கு 44,000, 33,000, 22,000. மொத்தம் 1,54,000. இது அசலோடு சேர்ந்து 5,54,000 ஆகிவிடும். பத்து வருஷத் தவணை, மாதம் 5,510 வர வேண்டியது 7,630 ஆகிறது. 15,000 சம்பளத்தில் வேலைக்குச் சேர்பவர் பாதியை இதற்கே கொடுக்க வேண்டும்.

இந்த வட்டியை மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று கிளைக்குப் போய்ச் சேரவில்லை, கிளை கிளெய்ம் போடவில்லை என்றால் மானியம் வராது. உடல்நலக் காரணமின்றிப் படிப்பைப் பாதியில் விட்டாலும் வராது. ஒரே வகுப்பில், ஒரே வருமானத்தில், ஒருவருக்கு மானியம் வந்து இன்னொருவருக்கு வராமல் போவதுதான் என் கண்ணில் முதல் அநியாயம். தள்ளுபடி பேசுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கட்டும்.

வசூல்பிரிவு:
2021 தமிழக சட்டமன்றத் தேர்தலின்போது கல்விக்கடன் ரத்து வாக்குறுதியாக வந்தது. இப்படிப் பேச்சு கிளம்பினாலே, கட்டிக்கொண்டிருப்பவரும் நிறுத்திவிடுகிறார். 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரர் என்பதால் அவர்கள் சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் மதிப்பெண்) விழும். அடுத்து தங்கைக்குக் கல்விக்கடன் கேட்டுப் போனால் அதே அப்பாவின் ஸ்கோரைத்தான் பார்ப்பார்கள். தள்ளுபடி ஆணை வெளிவரும் வரை தவணையை நிறுத்தாதீர்கள். முடியவில்லை என்றால் 90 நாளுக்கு முன்பே தவணைக் காலத்தை நீட்டித் தரக் கேட்டு எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள்.

தஞ்சைவக்கீல்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வங்கிக் கதவே திறக்காமல், தாலிச்சங்கிலியை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் ஃபீஸ் கட்டிய குடும்பத்துக்கு எந்தத் தள்ளுபடியும் போய்ச் சேராது. அடித்துப் பிடித்துக் கட்டி முடித்தவருக்கும் ஒன்றும் இல்லை. 2008 விவசாயக் கடன் தள்ளுபடியிலும் கந்துவட்டிக் கடன் சேரவில்லை. அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு: சிறு, குறு விவசாயிகளுக்கு முழுத் தள்ளுபடி, மற்றவர்களுக்கு 75% கட்டினால் 25% தள்ளுபடி. கல்விக்கடனிலும் அசலைக் கட்ட வைத்து, படிப்புக்கால வட்டியை மட்டும் நீக்கலாம். முன்பே கட்டியவருக்கு அந்த வட்டியைத் திருப்பிக் கொடுக்கலாம். அதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

கிளைமேசை:
திருப்பிக் கொடுக்கலாம் என்பது நல்ல யோசனை. கணக்கு முடித்தவர்களின் வட்டி விவரம் வங்கியிடமே இருக்கும்.

வசூல்பிரிவு:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வங்கி தருகிற ஒன் டைம் செட்டில்மென்ட்டை (பேசிக் குறைத்த தொகையைக் கட்டிக் கணக்கை முடிப்பது) தள்ளுபடி என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். சிபிலில் 'க்ளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்து வீட்டுக்கடனுக்குப் போகும்போது அந்த ஒரு வார்த்தையே மறுக்கக் காரணமாகும். வேறு வழியில்லை என்றால், தொகையும் கடைசித் தேதியும் போட்ட கடிதம் கைக்கு வந்தபிறகு பணம் கட்டுங்கள். ரசீதோடு, பாக்கி இல்லை என்கிற நோ டியூ சர்டிபிகேட்டையும் கேட்டு வாங்குங்கள்.