மெட்ரோ சுரங்கமும் கொல்லையில் மூடிய கிணறும்

துளசிமாடம்:
வணக்கம். மயிலாப்பூரில் அம்மா இருக்கும் வீடு தாத்தா கட்டியது. செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, முன்பக்கம் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த கூரை). பின்னால் அப்பா 1986இல் கான்கிரீட்டில் ஒரு அறையும் குளியலறையும் சேர்த்தார். இப்போது எங்கள் தெருவுக்கு அடியில் சுரங்கம் வருகிறது. போன வாரம் மூன்று பேர் வந்து அறை அறையாகப் போட்டோ எடுத்தார்கள். சுவரில் பளபளவென்று சின்னச் சதுரங்களை ஒட்டி, பழைய விரிசலின் மேல் கோடு போட்ட பிளாஸ்டிக் தகடு ஒன்றையும் பொருத்திவிட்டுப் போனார்கள். அம்மா காபி கொடுத்து அனுப்பிவிட்டாள், எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சுரங்கத்தின் மையம் 18 மீட்டர் ஆழத்தில், எங்கள் முன்சுவரிலிருந்து பக்கவாட்டில் 10 மீட்டர் தள்ளி. வீடு எவ்வளவு இறங்கும்? நேர் மேலே இல்லாததால் தப்பித்தோமா?

இன்னொன்று. கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. 2004 வாக்கில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடி, மேலே துளசி மாடம் வைத்துவிட்டோம். படிவத்தில் "கிணறு: இல்லை" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இதைப் போய்ச் சொல்லவேண்டுமா?

அண்ணாநகர்காரன்:
கவலைப்படாதீர்கள். எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பக்கத்திலேயே போனது. ராத்திரியில் லேசான உறுமல், அவ்வளவுதான். மூடிய கிணற்றைச் சொன்னால் வீணாகத் தோண்டிப் பார்க்க வருவார்கள்.

மண்ணளந்தவன்:
கிணற்றைக் கட்டாயம் சொல்லுங்கள். காரணத்துக்கு வருகிறேன். சுரங்க வேலையில் அளவீட்டுக் கருவிகளோடு பதினோரு வருடம் இருந்தவன் நான்.

முதலில் இறக்கம். மிஷின் தோண்டும் துளை, உள்ளே பூட்டும் கான்கிரீட் வளையத்தைவிடக் கொஞ்சம் பெரியது. நடுவில் உள்ள சந்தில் உடனுக்குடன் கிரவுட் (இறுகிப்போகும் சிமெண்ட் குழம்பு) செலுத்துவார்கள். அது நிரம்புவதற்குள் சுற்றியுள்ள மண் சற்றே உள்ளே அமரும். மிஷினின் முகப்பில், அதாவது மண்ணை வெட்டும் முன்பக்கத்தில், அழுத்தம் குறைந்தாலும் அப்படித்தான். இப்படி உபரியாக உள்ளே வந்த மண்ணை வால்யூம் லாஸ் என்போம். ஒழுங்காக ஓட்டினால் துளையின் கொள்ளளவில் 1 சதவீதத்துக்குள் நிற்கும்.

துளையின் விட்டம் 6.6 மீட்டர், இழப்பு 1 சதவீதம், களிமண் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். நேர் மேலே சுமார் 15 மி.மீ. இறங்கும். 1969இல் மண் பொறியியலாளர் ரால்ஃப் பெக் சொன்னபடி, அந்தப் பள்ளம் கவிழ்த்த மணி போலப் பக்கவாட்டில் குறைந்துகொண்டே போகும். உங்கள் முன்சுவரில் 8 மி.மீ., அதிலிருந்து 12 மீட்டர் பின்னால் 1 மி.மீ.கூட இல்லை. மணல் என்றால் பள்ளம் குறுகலாகவும் நடுவில் ஆழமாகவும் இருக்கும். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு சுரங்கம் இருக்கும். நீங்கள் சொன்ன 10 மீட்டர் எதிலிருந்து என்று கேளுங்கள். இரண்டாவது போகும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும்.

ஆனால் நேர் மேலே இல்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். பள்ளத்தின் நடுவில் இருக்கும் வீடு தொட்டிலில் கிடப்பது போல. ஓரத்தில் இருப்பது முதுகை வளைத்து உட்கார்ந்த மாதிரி, சுவரின் மேல்பகுதி இழுபட்டு விரியும். வீடு முழுக்க ஒரே சீராக 20 மி.மீ. இறங்கினால் சுவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு முனை மட்டும் இறங்கினால்தான் வம்பு. உங்கள் கணக்கில் முன்சுவர் அருகே சாய்வு ஆயிரத்துக்கு ஒன்று. சுவரில் விரிசல் விழ ஏறக்குறைய முந்நூறுக்கு ஒன்று வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரை கொஞ்சம் வளைந்துகொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது. ஆகவே அப்பா கட்டிய அறை தாத்தா சுவரோடு சேரும் இடத்தைப் பாருங்கள்.

விரிசல் முனைகளில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இன்றே தொடங்கவேண்டும், மிஷின் வந்த பிறகு அல்ல. தகட்டைத் தினமும் ஒரே நேரத்தில் படியுங்கள். மொட்டைமாடி வெயிலில் விரிசல் பகலில் ஒன்று காட்டும், ராத்திரி ஒன்று காட்டும். (இது தெரியாமல் ஒருமுறை நடுமதியத்தில் எல்லாரையும் ஓடவைத்திருக்கிறேன்.) 1 மி.மீ.க்குள் என்றால் பெயிண்ட் வேலை. 5 மி.மீ.யை நெருங்கி, கதவு இடிக்க ஆரம்பித்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

இனி கிணறு. 15 மி.மீ.க்காக நான் தூக்கம் கெட்டதில்லை. கெட்டதெல்லாம் தண்ணீருக்காக. கொல்கத்தா பௌபஜாரில் 2019 ஆகஸ்ட் 31 அன்று மிஷின் நீரோட்ட மணலைத் தொட்டது. தண்ணீரோடு மண்ணும் சுரங்கத்துக்குள் ஓடிவர, மேலே பழைய வீடுகள் இடிந்து விழுந்தன. 2022 மே மாதம் அதே பகுதியில் மறுபடி வீடுகள் விரிசல் விட்டன. மண் அமர்ந்தால் மில்லிமீட்டர், மண் ஓடினால் வீடு.

மிஷின் முகப்பில் அழுத்தம் வைத்துத்தான் மண்ணையும் நீரையும் தடுத்து நிறுத்துகிறது. இடிபாடு கொட்டிய கிணறு அந்த அழுத்தத்துக்கு ஒரு புகைபோக்கி. பழைய போர்வெல்லும் அப்படியே. அழுத்தம் அந்த வழியே ஓடிவிடலாம், மண்ணை இளக்க மிஷின் செலுத்தும் சோப்பு நுரை மேலே வரலாம். உங்கள் கிணறு தள்ளித்தான் இருக்கிறது, பெரிதாக ஒன்றும் ஆகாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் மிஷினை ஓட்டுகிறவன் கையில் உள்ள வரைபடத்தில் அது இருக்கவேண்டும்.

அண்ணாநகர்காரன்:
சரி சார், கிணறு விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

துளசிமாடம்:
நன்றி சார். சொல்லிவிட்டேன். நேற்று இரண்டு பேர் வந்து, பின்சுவரிலிருந்து துளசி மாடத்துக்கு டேப் பிடித்தார்கள். எவ்வளவு ஆழம் என்று கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மா அடுப்படியிலிருந்தே, "கோடையில் இருபத்திரண்டு முழக் கயிறு, அப்பவும் வாளி தரை தட்டும்" என்றாள். எழுதிக்கொண்டு போனார்கள்.

மண்ணளந்தவன்:
இருபத்திரண்டு முழம், ஏறக்குறைய 10 மீட்டர். சுரங்கத்தின் உச்சி 15 மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில். அம்மாவிடம் அந்தத் தெருவில் வேறு யார் வீட்டில் கிணறு இருந்தது என்றும் கேட்டு வையுங்கள்.