பொத்துவில் முதல் பொலிகண்டி வரை: அந்த ஊர்வலத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள்?

கல்முனையிலிருந்து:

2020 பெப்ரவரியில் இலங்கை அரசாங்கம், போர்க்கால மீறல்களுக்குப் பொறுப்புக்கூறல் பற்றிய, ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கான இணை அனுசரணையிலிருந்து விலகியபோது எங்கள் தெருவில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜெனீவா எங்கே, கல்முனை எங்கே! மறு ஜனவரியில் போட்டித் தமிழ்க் கட்சிகளின் தலைவர்களான சம்பந்தன், விக்னேஸ்வரன், கஜேந்திரகுமார் மூவரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு அந்தப் பேரவையின் உறுப்பு நாடுகளுக்கு அனுப்பியதாக வாசித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐந்து மாதங்களுக்கு முன்புவரை தேர்தல் மேடைகளில் ஒருவரையொருவர் கிழித்தவர்கள் அல்லவா!

2021 பெப்ரவரி 3, நல்ல மழை. கிழக்கில் பொத்துவிலிலிருந்து வடக்கில் பொலிகண்டி வரை நீதி கேட்டுப் புறப்பட்ட ஊர்வலம் எங்கள் ஊர் வழியாக வந்தது. தடையுத்தரவு இருக்கிறது, போகாதே என்று வீட்டில் சொன்னார்கள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். எம்.பி.க்கள் சுமந்திரனும் சாணக்கியனும் வருகிறார்கள் என்று பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கண் போனது ஓர் அம்மாவிடம். மகனின் படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். உறைக்குள்ளும் தண்ணீர் போய்விட்டது. நடந்தபடியே சேலைத் தலைப்பால் உறையின் வெளிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரம் இருந்ததோ உள்ளே.

குடையை மடக்கிவிட்டு நானும் இறங்கிவிட்டேன். பிறகு வான் ஒன்றில் தொற்றிக்கொண்டு காத்தான்குடி வரை போனேன்.

காத்தான்குடியிலிருந்து:

தம்பி, கட்சிகள் சேர்ந்ததற்காக நாங்கள் வீதிக்கு வரவில்லை. கொரோனாவைச் சொல்லி எங்கள் முஸ்லிம்களின் ஜனாஸாக்களை, உடல்களை, அடக்கவிடாமல் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. கோரிக்கைகளில் அதையும் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம், வந்தோம். மலையகத் தோட்டத் தொழிலாளரின் 1000 ரூபாய் சம்பளமும் அதில் இருந்தது. தமிழ்க் கட்சிகளின் ஊர்வலமொன்றில் எங்கள் துயரத்தையும் சேர்த்துக் கோஷம் போட்டதை என் வயதில் அன்றுதான் கேட்டேன்.

அந்த மாதக் கடைசியில் அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்துபோன கையோடு அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் செய்தார்கள். அவருக்கு எவ்வளவு துஆ செய்தோம்! மார்ச் 23 அன்று ஜெனீவாவில் இலங்கை மீதான புதிய 46/1 தீர்மானம் 22க்கு 11 என்று நிறைவேறியபோது பாகிஸ்தான் எதிர்த்து வாக்களித்தது, இந்தியா வாக்களிக்காமல் நடுவில் நின்றது. வெளிநாட்டுக் கொள்கை என்பது இதுதான் போலும். யாரை நோவது?

கல்முனையிலிருந்து:

உண்மைதான் நானா. அந்தக் கடிதத்தின் ஒற்றுமையும் அந்த வருடத்தைத் தாண்டவில்லை. ஒன்று கேட்கவேண்டும். பள்ளிவாசல் பக்கம் நீல வாளியில் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தது உங்கள் ஆட்களா? சீனி போட மறந்திருந்தார்கள். நான் இரண்டு கோப்பை குடித்தேன்.