வெள்ளைப்படுதல் குறித்து எதை நம்பிப் படிப்பது?

கேள்வி (மதுரை வாசகி):
வணக்கம். எனக்கு 29 வயது. மூன்று மாதங்களாக அரிப்புடன் வெள்ளைப்படுதல் இருந்துவருகிறது. மருந்துக் கடையில் வாங்கிய குளோட்ரிமசோல் களிம்பைப் பூசினால் ஒரு வாரம் அடங்கி, மீண்டும் வந்துவிடுகிறது. இணையத்தில் ஒரு காணொளி இதை உடல் சூடு என்கிறது; இன்னொன்று வேப்பிலை நீரால் உட்புறத்தைக் கழுவச் சொல்கிறது; மற்றொன்று பத்து நிமிடம் பேசிவிட்டுத் தங்கள் சூரணத்தை விற்கிறது. அம்மாவிடம்கூட முழுமையாகச் சொல்ல முடியாத இதை, நம்பிப் படிக்க எங்கே போவது?

மறுமொழி (ஓய்வுபெற்ற செவிலியர்):
வெள்ளைப்படுதல் என்பது அறிகுறியின் பெயர் அம்மா, அதற்குப் பின்னால் வெவ்வேறு நோய்கள் இருக்கலாம். அடிக்கடி காண்பவை மூன்று: பாக்டீரியல் வஜினோசிஸ் என்னும் பாக்டீரியாக்களின் சமநிலைக் குலைவு, கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்று, டிரைக்கோமோனியாசிஸ் என்னும் ஒட்டுண்ணித் தொற்று. முதலாவதில் மீன் வாடையுடன் நீர்த்த கசிவும், இரண்டாவதில் தயிர்த் திப்பி போன்ற கசிவும் கடும் அரிப்பும் பொதுவாக இருக்கும். மூன்றாவது உடலுறவால் பரவுவதால் துணைவருக்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும். நீங்கள் பூசும் களிம்பு பூஞ்சைக்கு உரியது. மற்ற இரண்டுக்கும் மெட்ரோனிடசோல் போன்ற மருந்து வேண்டும். அறிகுறிகளை மட்டும் கொண்டு எது என்று உறுதிசெய்ய இயலாது என்பதால்தான், கசிவின் அமிலத்தன்மையை அளந்து நுண்ணோக்கியில் பார்க்கிறோம். பரிசோதனையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் நேரே மருந்தைச் சொல்லும் பக்கத்தை மூடிவிடுங்கள். உட்புறத்தைக் கழுவவே கழுவாதீர்கள். அங்கே அமிலத்தைச் சுரந்து காக்கும் லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிர்களின் சமநிலையை அது குலைக்கும். பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், இரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மறுமொழி (கோவை வாசகி):
பூஞ்சை என்று நானே முடிவுசெய்து அரை ஆண்டைக் கழித்தவள் நான். சோதித்தபோது பாக்டீரியல் வஜினோசிஸ் என்று தெரிந்தது. அதன் பிறகு அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ், பிரிட்டன் அரசின் பொதுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். ஆகிய தளங்களைத்தான் படிக்கிறேன். எழுதியவர் யார், பக்கம் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, அங்கே எதையாவது விற்கிறார்களா என்ற மூன்றையும் முதலில் பார்ப்பேன். இந்தத் தளங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. இயந்திர மொழிபெயர்ப்பில் படித்தால் மருந்தின் பெயரையும் அளவையும் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி (சேலம் வாசகர்):
தமிழிலேயே ஒருவரிடம் கேட்க வேண்டுமானால், தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். பாலியல் தொற்றுகளுக்காக அரசு மருத்துவமனைகளில் உள்ள சுகவாழ்வு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். என் தங்கையை அங்குதான் அழைத்துச் சென்றோம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். அதுவரை களிம்பைத் தொடரலாமா?

மறுமொழி (ஓய்வுபெற்ற செவிலியர்):
வேண்டாம் அம்மா. பூசிய மருந்து பரிசோதனை முடிவைக் குழப்பக்கூடும் என்பதால், குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட்டு, அதன் அட்டைப்பெட்டியைக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இருந்தால் திங்கள்வரை காத்திருக்க வேண்டாம்.